பீடை குடிக்கும் மீன்

காலை ஏழு மணிக்கெல்லாம் வரிசை பழைய விதைக் கிடங்கைச் சுற்றி வளைந்து பெட்ரோல் பங்க் வரை போய்விட்டது. பங்க்காரர் ஆட்சேபிக்கவில்லை. அவருக்கு ஆறு மாதமாக முதுகுவலி. அவரே பதினேழாவது ஆளாக நின்றுகொண்டிருந்தார்.

அவருக்கு முன்னால் கணக்கு வாத்தியார். "விடை வந்தா மட்டும் போதாது, எப்படி வந்துச்சுன்னு காட்டு" என்று முப்பது வருடமாகப் பிள்ளைகளை மிரட்டுகிறவர். இங்கே அவர் எப்படி என்று கேட்க வரவில்லை. விடை கிடைத்தால் போதும். அவருக்கும் முன்னால் மருந்துக் கடைக்காரர், கடையைப் பூட்டிவிட்டு. அவருக்குத் தலைவலி. பின்னால் ஃபிரிட்ஜ் மெக்கானிக், என்ன நோய் என்று இன்னும் முடிவு செய்யாதவர். உள்ளே போனதும் தெரிந்துவிடும் என்று நம்பினார்.

உள்ளே இருந்தது ஒரு மீன். சரியாகச் சொன்னால் மூன்று மீன்கள், தனித்தனித் தொட்டிகளில், முறை வைத்து வேலை பார்த்தன. உள்ளங்கை அகலம். எங்கோ ஒரு வெப்ப நாட்டு ஆற்றில் பிறந்து, கண்ணாடித் தொட்டிக்காக வளர்க்கப்பட்ட இனம். பால் மாதிரி வெள்ளை. மனிதனைப் பிடித்த பீடையை அந்த மீன் குடித்துவிடும் என்றார்கள். குடித்தால் கறுத்துப்போகும். கறுத்ததைக் கண்ணால் பார்க்கலாம்.

மீனை ஆண்டவர் மீனய்யா. வெள்ளை அங்கி, மார்பு வரை தாடி, காதில் விழாத குரல். எதிரே இருப்பவர் குனிந்துதான் கேட்க வேண்டும். குனிந்தவன் பாதி பணிந்தவன் என்பது மீனய்யாவுக்குத் தெரியும்.

நடைமுறை எளிது. கூடத்தில் இரண்டு மேசைகள். வெள்ளைத் துணி விரித்த மேசை ஒன்று, கறுப்புத் துணி விரித்தது இன்னொன்று. தினமும் முதல் வேலையாக மீனய்யா வெள்ளை மேசைத் தொட்டியின் மேல் தன் இரண்டு கைகளையும் வைப்பார். பன்னிரண்டு நிமிடம். மீன் வெள்ளையாகவே இருக்கும். "என்கிட்ட எடுக்க ஒண்ணுமில்லை" என்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

பிறகு பொதுமக்கள். அவர்களுக்குத் தொட்டியைக் கறுப்பு மேசைக்கு மாற்றி, துணியின் நான்கு முனைகளையும் கண்ணாடியோடு ஒட்டித் தூக்கிக் கட்டுவார்கள். மேலே மூடி கிடையாது. நேர் மேலே பளீரென்று ஒரு விளக்கு. எல்லாம் வெளிச்சத்தில்தான் நடக்கிறது, ஒளிவு மறைவே இல்லை என்று மருந்துக் கடைக்காரர் ஊரெல்லாம் சொல்லிவந்தார். பன்னிரண்டு நிமிடத்தில் மீன் சாம்பலாகி, புகையாகி, அடுப்புக்கரி ஆகும். ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவார். மீனைத் தொட்டியோடு வெள்ளை மேசைக்கு அனுப்புவார்கள், ஓய்வெடுத்து வெளுக்க.

தொட்டி தூக்குவது, துணி கட்டுவது, காணிக்கை உறை வாங்குவது எல்லாம் மீனய்யாவின் மனைவியுடைய தம்பி. ஊருக்கே அவன் மச்சான். உறைக்குள் எவ்வளவு வைப்பது என்பது அவரவர் விருப்பம். மச்சான் உறையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பான். விருப்பம் போதவில்லை என்றால் வரிசையின் கடைசிக்கு அனுப்புவான்.

இந்த வரிசையில் ஒரு லாரி டிரைவர் ஐந்து முறை உட்கார்ந்து எழுந்துவிட்டார். நம் கதை அவருடைய கழுத்தைப் பற்றியது.

கழுத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. டாக்டர் ஊசி போட்டுத் துளி எடுத்து, சோதித்து, உடனே அறுத்து எடுக்க வேண்டும் என்று தேதி கொடுத்தார். மீனய்யா கட்டியைத் தொடாமலே பார்த்தார். "மீன் வெளுத்தபடியே நிக்கிற நாள் வரைக்கும் கத்தி படக் கூடாது" என்றார். ஐந்து தடவையும் மீன் கறுத்தது. இரண்டு தேதிகள் போயின. மூன்றாவது தேதி வியாழக்கிழமை. டாக்டர் அதைக் கொடுக்கும்போது சொன்னார்: "இதையும் தவறவிட்டீங்கன்னா, நான் கட்டியை எடுக்கிற டாக்டரா இருக்க மாட்டேன். வந்து பார்த்துட்டுப் போற டாக்டராத்தான் இருப்பேன்."

டிரைவர் அதையும் மீனய்யாவிடம் போய்ச் சொன்னார். மீனய்யா ஆறாவது அமர்வுக்குத் தேதி கொடுத்தார். புதன்கிழமை.

*

டிரைவரின் மனைவி திங்கட்கிழமை மத்தியானம் நாத்தனாரைத் தேடிக்கொண்டு பண்ணைக்குப் போனாள்.

நாத்தனார் அலங்கார மீன் வளர்ப்பவள். ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் இருபத்திரண்டு சிமென்ட் தொட்டி, இரண்டு குட்டை. கப்பி, மோலி, ஏஞ்சல். மீன்கொத்தி அடிக்காமல் இருக்கத் தொட்டிகளுக்கு மேல் வலை. வேலை இல்லாத நேரத்தில் குட்டைக் கரையில் உட்கார்ந்து என்ன பறவை வந்தது, எத்தனை தவளை இருந்தது என்று நோட்டில் எழுதுவாள். அதனால் ஊரில் அவள் பெயர் தவளைக்காரி. கல்யாணப் பத்திரிகையில்கூட ஒருவர் அப்படியே எழுதிவிட்டார்.

அண்ணி வந்தபோதும் பைனாகுலரோடுதான் இருந்தாள். திரும்பாமல் ஒரு விரலைத் தூக்கினாள்.

"ஒரு நிமிஷம் அண்ணி. கொக்கு இறங்குது."

"கொக்கு நாளைக்கும் வரும். உங்க அண்ணன் அடுத்த வருஷம் இருப்பாரான்னு சொல்லு."

தவளைக்காரி பைனாகுலரை இறக்கினாள்.

அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "ஆனா ஒண்ணும்மா, நானும் கூடப் போனேன். மீன் கறுக்குது. பொய் சொல்லக் கூடாது, என் கண்ணால பார்த்தேன்" என்றாள்.

"நானும் என் கண்ணாலதான் பார்த்தேன்" என்று தவளைக்காரி பழைய நோட்டு ஒன்றைப் பிரித்துக் காட்டினாள். "பாருங்க. பச்சைத் தவளை பதினொண்ணு, பழுப்புத் தவளை எட்டு. நாலு வருஷம் இப்படியே எழுதியிருக்கேன். ரெண்டு இனம்னு நினைச்சு. ஒரு நாள் பச்சை ஒண்ணு இலையிலேருந்து அந்த மரத்தூணுக்குத் தாவிச்சு. உள்ள போய் டீ போட்டுக் குடிச்சுட்டு வர்றேன், அதே தவளை, பழுப்பு. மொத்தமே ஒரு இனம்தான்."

"அப்போ கண்ணு பொய் சொல்லிச்சா?"

"கண்ணு சரியாத்தான் சொல்லிச்சு. நான் தவளையை மட்டும் பார்த்தேன். அது உக்காந்திருந்த இடத்தைப் பார்க்கலை."

அண்ணி யோசித்தாள். "அப்போ மீனு எங்க உக்காந்திருக்குன்னு பார்க்கணும்."

"மீன் உக்காராது அண்ணி. ஆனா அதேதான்."

*

செவ்வாய்க்கிழமை தவளைக்காரி கிடங்குக்குப் போய்ப் பின்சுவரோரம் உட்கார்ந்தாள். மூன்று மணி நேரம். கொக்கைப் பார்ப்பதுபோலவே பார்த்தாள். வாயைத் திறக்காமல், நோட்டில் குறித்துக்கொண்டு.

பங்க்காரர், கறுப்பு மேசை, கறுப்பு. மருந்துக் கடைக்காரர், கறுப்பு மேசை, கறுப்பு. நான்காவதாக வந்தவருக்குப் பாதியில் இருமல் பிடித்துக்கொண்டது. எழுந்து வாசலுக்கு ஓடிவிட்டார். பீடைக்குச் சொந்தக்காரர் தெருவில் இருமிக்கொண்டிருக்க, பீடை மட்டும் கடமை தவறாமல் வந்து இறங்கி மீனைக் கறுக்கவைத்தது. கூட்டத்தில் யாரும் இதைக் கவனிக்கவில்லை. எல்லாரும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் மீனய்யா மச்சானைப் பார்த்து மெல்லக் கேட்டார்.

"ஏறிடுச்சா?"

மச்சான் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். "ஏறிடுச்சு."

தவளைக்காரி எழுதுவதை நிறுத்தினாள்.

பீடை ஏறிவிட்டதா என்று கேட்கிறார் என்றுதான் கூட்டம் நினைத்தது. ஆனால் அது அலங்கார மீன்களைப் பையில் அடைத்து வெளியூருக்கு அனுப்புகிற பேக்கிங் கொட்டகைப் பேச்சு. வெள்ளைத் தொட்டியில் கிடக்கும் மீன் வெளிறிப்போகும். அப்படியே அனுப்பினால் வாங்குகிறவன் முகத்தைச் சுளிப்பான். அதனால் பையில் அடைப்பதற்கு முன்னால் கறுப்பு டப்பாவில் கால் மணி நேரம் போட்டு வைப்பார்கள். அடியும் சுற்றும் கறுப்பாக இருந்தால், மீனும் தன் நிறத்தை அடர்த்தியாக்கிக்கொள்ளும். தூணுக்குத் தகுந்த தவளை மாதிரி. அதற்குப் பெயர் நிறம் ஏறவைப்பது. "ஏறிடுச்சா?" என்று ஒருவன் கேட்பான், "ஏறிடுச்சு" என்று இன்னொருவன் சொல்வான். அந்தக் கொட்டகைக்கு வெளியே இதை இந்த அர்த்தத்தில் யாரும் பேசுவதில்லை.

தவளைக்காரி அப்படி ஒரு கொட்டகையில்தான் தொழில் கற்றாள். மீனய்யாவின் முகத்திலிருந்து தாடியைக் கழித்துப் பார்த்தாள். அதே கொட்டகையில் மூன்றாவது மேசையில் மீன் அடைத்தவர். தினமும் தாமதமாக வருகிற ஆள்.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் போய்ச் சொன்னாள். அவர் நிதானமாகக் கேட்டார்.

"முன்னாடி மீன் பேக் பண்ணாரு. சரி. நான் முன்னாடி முட்டை வியாபாரம் பண்ணேன். அதுக்காக நான் லாரி ஓட்டறது பொய்யா?"

"அண்ணா, வியாழக்கிழமை..."

"நாளைக்கு மீன் வெளுத்து நின்னா வியாழக்கிழமையே தேவையில்லை."

கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். கத்தி என்ற சொல்லை அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை.

*

புதன்கிழமை. டிரைவர் ஆறாவது முறையாகத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் தங்கை. தங்கையின் காலடியில் ஒரு துணிப்பை.

மச்சான் தொட்டியைக் கறுப்பு மேசைக்குத் தூக்கப் போனான்.

"ஒரு சின்ன வேண்டுகோள்ங்க" என்றாள் தவளைக்காரி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "இன்னைக்கு மேசையை மாத்திக்கலாமா? எங்க அண்ணன் வெள்ளை மேசையில கை வெக்கட்டும். ஐயா கறுப்பு மேசையில வெக்கட்டும்."

மீனய்யா புன்னகைத்தார். "அது முறை இல்லைம்மா."

அத்தோடு விஷயம் முடிந்திருக்கும். அவரைக் கவிழ்த்தது அவருடைய பக்தர்கள்.

"வெச்சுக் காட்டுங்கய்யா" என்றார் மருந்துக் கடைக்காரர். "நீங்க வெச்சா கறுப்பு மேசையிலயும் வெளுத்துத்தான் நிக்கும். இந்தம்மாவும் பார்க்கட்டும்."

"அதானே" என்றார் பங்க்காரர். "நெருப்புல வெச்சாலும் வெளுத்து நிக்கும்."

"தவளை எண்ணுற பொம்பளைக்கு வேற எப்படிப் புரியும்" என்றார் மெக்கானிக்.

நாற்பது பேர் அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அன்பை எப்படி மறுப்பது என்று மீனய்யாவுக்குத் தெரியவில்லை. மச்சான் இன்னொரு தொட்டியைக் கறுப்பு மேசைக்கு மாற்றித் துணியைக் கட்டினான்; அவர் கையை வைத்தார்.

பன்னிரண்டு நிமிடம். கிடங்கில் விளக்கு இரைகிற சத்தம் மட்டும்.

ஐந்தாவது நிமிடத்தில் மீனய்யாவின் மீன் சாம்பல் ஆனது. ஒன்பதாவதில் புகை. பன்னிரண்டில் அடுப்புக்கரி. பக்கத்து மேசையில், டிரைவரின் கைகளுக்குக் கீழே, இன்னொரு மீன் பாலாக நீந்திக்கொண்டிருந்தது.

தவளைக்காரி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் முகம் மலர்ந்திருந்தது.

"வெளுத்து நிக்குது" என்றார் அவர். "பாரு, வெளுத்து நிக்குது. எனக்குப் போயிடுச்சு."

தவளைக்காரி இதை எதிர்பார்க்கவில்லை. மீனய்யா ஒரு நொடி விழித்தார். ஒரே நொடிதான். தொழில் தெரிந்தவர்.

"ஆமாம்ப்பா" என்றார், கண்களை மூடி. "உன்னோடதை நான் வாங்கிக்கிட்டேன். அதான் எனக்குக் கறுத்துது. நீ வீட்டுக்குப் போ. இனி உனக்கு ஆஸ்பத்திரி எதுக்கு?"

கூட்டம் உருகியது. மருந்துக் கடைக்காரர் அழுதேவிட்டார். டிரைவர் எழுந்து மீனய்யாவின் காலைத் தேடினார். அண்ணி நாத்தனாரின் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் நகம் பதிந்தது.

"நீ என்ன பண்ணிட்டேன்னு பாரு" என்றாள் காதோடு. "நேத்து வரைக்கும் பாதி மனசாவது ஆஸ்பத்திரியில இருந்துச்சு."

தவளைக்காரி கையை விடுவித்துக்கொண்டாள். துணிப்பையைத் திறந்து, தன் பண்ணையின் கறுப்பு பேக்கிங் டப்பாவை எடுத்து, வாளித் தண்ணீரை ஊற்றினாள். ஓய்விலிருந்த மூன்றாவது மீனை வலையில் அள்ளி அதில் விட்டாள். டப்பாவை விளக்குக்குக் கீழே வைத்தாள். பிறகு வாசலுக்குப் போய், கதவு மூடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த செங்கல்லைக் கொண்டுவந்து, டப்பாவின் விளிம்பில் ஓரமாகச் சாய்த்து வைத்தாள்.

"என்னம்மா விளையாட்டு இது?" என்றார் பங்க்காரர்.

"ஒண்ணுமில்லைங்க. ரொம்ப நாளா வாசல்லயே கிடக்குது. இதுக்கும் ஏதாவது பீடை இருந்தா எடுத்துவிட்டுடலாம்."

சிலர் சிரித்தார்கள். சிலர் திட்டினார்கள். ஆனால் ஒருவரும் நகரவில்லை. பன்னிரண்டு நிமிடம் காத்திருப்பது அவர்களுக்குப் பழகிய விஷயம். மீனய்யா அதற்குள் மூன்று முறை தாடியை நீவினார். தண்ணீர் சரியில்லை என்றார். கேட்பதற்கு யாரும் குனியவில்லை. எல்லாரும் டப்பாவுக்குள் குனிந்திருந்தார்கள்.

தவளைக்காரி நேரம் பார்த்தாள். மச்சான் பக்கம் திரும்பினாள். கொட்டகையில் கேட்கிற அதே தொனியில், அவசரமில்லாமல் கேட்டாள்:

"ஏறிடுச்சா?"

பதினைந்து வருடக் கொட்டகைப் பழக்கம். யார் கேட்டது, எதற்குக் கேட்டது என்றெல்லாம் மச்சானின் வாய் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்தான்.

"ஏறிடுச்சு" என்றான்.

சொன்ன பிறகுதான் செங்கல்லைப் பார்த்தான். அப்புறம் அக்கா புருஷனைப் பார்த்தான். அக்கா புருஷன் கூரையைப் பார்த்தார்.

"ஐயா எங்க அண்ணனோட பீடையை வாங்கிக்கிட்டாரு, அதனால அவருக்குக் கறுத்துது. சரி" என்றாள் தவளைக்காரி. "இங்க கை வெச்சது யாருங்க? செங்கல்லுக்கு முதுகுவலியா, தலைவலியா?"

வரிசையில் ஒரு இருமல். கணக்கு வாத்தியார் முன்னால் வந்தார். வகுப்பில் விடை தெரியாத பையன் எழுந்து நிற்பதுபோல நின்றார்.

"ஐயா, கறுப்பு மேசை, மீன் கறுப்பு" என்று விரலை மடக்கினார். "டிரைவர், வெள்ளை மேசை, மீன் வெள்ளை. செங்கல், கறுப்பு டப்பா, மீன் கறுப்பு. ஆள் மாறிக்கிட்டே இருக்கு. மாறாம இருக்கிறது..." நிறுத்தினார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக வெட்கப்பட்டார். "துணி."

தவளைக்காரி அண்ணனின் தொட்டியைத் தூக்கிக் கறுப்பு மேசையில் வைத்துத் துணியைக் கட்டினாள். "நீ கை வெக்காதே. கையைக் கட்டிக்கிட்டு நில்லு."

டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரைக் குணமாக்கிய வெள்ளை மீன் அவர் கண்ணெதிரே சாம்பலாகிக்கொண்டு வந்தது. புகையாகும்வரை பார்த்தார். அதற்கு மேல் பார்க்கத் தேவைப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

தண்ணீர் மாற்றிவிட்டு வருகிறேன் என்று மீனய்யா பின்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. மச்சான் கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடினான். உறைகளை விட்டுவிட்டுத்தான் ஓடினான், ஏனென்றால் அவற்றின் மேல் பங்க்காரர் உட்கார்ந்திருந்தார். பங்க்காரரின் முதுகுவலி அந்த நேரத்துக்கு இல்லை.

டிரைவர் எழுந்திருக்கவில்லை. மனைவி பக்கத்தில் போய் நின்றாள்.

"எனக்கு உள்ளுக்குள்ள தெரியும்னு நினைக்கிறேன்" என்றார் தரையைப் பார்த்தபடி. "மூணாவது தடவையே ஒரு சந்தேகம். ஆனா இங்க வந்தா கத்தியைப் பத்தி நினைக்க வேண்டாம் பாரு."

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு அங்க இருக்கணும்" என்றாள் மனைவி. "சாப்பிடக் கூடாதாம்."

"பயமா இருக்குடி."

"இருக்கட்டும். பயந்துக்கிட்டே வாங்க."

*

வியாழக்கிழமை கட்டியை எடுத்தார்கள். இன்னும் இரண்டு மாதம் போயிருந்தால் பேச்சே வேறாக இருந்திருக்கும் என்று டாக்டர் வராண்டாவில் நின்று சொன்னார். மேற்கொண்டு சிகிச்சை உண்டு, ஒழுங்காக வந்தால் லாரி ஓட்டலாம் என்றார். அண்ணி அடுத்த தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

நான்காம் நாள் மெக்கானிக் பழம் வாங்கிக்கொண்டு வார்டுக்கு வந்தார். டிரைவருக்குக் கழுத்தில் பெரிய கட்டு. ஒரு வாரம் பேசக் கூடாது என்பதால் கையில் ஒரு நோட்டும் பேனாவும். மெக்கானிக் கட்டைப் பார்த்தார், திறமைசாலி டாக்டர் என்று பாராட்டினார், ஆரஞ்சை உரித்துத் தானே இரண்டு சுளை தின்றார். பிறகு நாற்காலியைத் தவளைக்காரி பக்கமாக நகர்த்திக்கொண்டார்.

"அந்தச் செங்கல் இப்போ எங்கேம்மா இருக்குது?"

"எந்தச் செங்கல்?"

"அதாம்மா. மீனய்யாவோட சக்தியையே முறிச்சுதே." குரலைத் தாழ்த்தினார். "சாதாரணக் கல் இல்லைன்னு பேசிக்கிறாங்க. உங்க அண்ணனைக் காப்பாத்தினதே அதுதானாம். மருந்துக் கடைக்காரர் கிடங்கு பூராவும் தேடிட்டாரு. நான் முதல்ல கேட்டுட்டேன், ஞாபகம் வெச்சுக்கோங்க."

தவளைக்காரிக்குத் தவளைகளிடம் பேசியிருக்கலாமே என்று தோன்றியது.

கட்டிலில் இருந்து தாள் கிழியும் சத்தம். டிரைவர் எழுதிக்கொண்டிருந்தார். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி. எழுதி முடித்து மெக்கானிக்கின் கையில் கொடுத்தார். மெக்கானிக் பயபக்தியோடு வாங்கி, இரண்டு கையிலும் பிடித்துப் படித்தார்.

"என்னைக் காப்பாத்தினது டாக்டர். செங்கல்லுக்கு மூளை கிடையாது, அதனால அதை ஏமாத்த முடியலை. எனக்கு இருந்துச்சு, நான் அதைப் பூட்டி வெச்சிருந்தேன். உங்களுக்கும் இருக்குது. ஒரு தடவை ஸ்விட்சைப் போட்டுப் பாருங்க, வாரன்ட்டி முடியறதுக்குள்ள."